பத்து நாள் சொட்டு மருந்து

1

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். வெளியே இரண்டு டிகிரி. டீ, இரண்டு ரொட்டித் துண்டு. சீருடையை முந்தைய நாளே தேய்த்து வைத்திருந்தேன். 6.05 பஸ். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. உட்காரவில்லை, உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். 6.50-க்கு மருத்துவமனை. 7.15-க்கு என் பகுதி நோயாளிகள் ஆறு பேரைப் பொறுப்பேற்றேன்.

இங்கிலாந்தின் வடக்கே, பெயர் சொன்னாலும் என் ஊரான போடியில் யாருக்கும் விளங்காத இந்த நகரத்தில் நான் நர்ஸாக வந்து இறங்கி இன்றோடு பத்தொன்பது வருடம். முதல் சில வருடங்கள் இந்த நாளில் மனைவி கேசரி கிண்டுவாள். பிறகு அவளுக்கும் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நாள் மறந்து போனது. இப்போது டைரியின் மூலையில் நான் மட்டும் எண்ணை எழுதி வைக்கிறேன்.

சிறிய மருத்துவமனை என்பதால் மூளை நரம்பு, கண், காது மூன்றுக்கும் ஒரே வார்டு. ஆர்தர் என்ற முதியவருக்குப் பக்கவாதம். பார்வை இருக்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை ஒப்புக்கொள்வதில்லை. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, “இவ்வளவுதானா?” என்பார். தட்டைத் திருப்பி வைப்பேன். மீதிச் சாப்பாடு வந்து சேரும். ஒவ்வொரு வேளையும் புதிதாக ஆச்சரியப்படுவார். அடுத்த கட்டிலில் உள்காது நோயால் உலகம் சுழலும் ஓர் அம்மாள். அவரிடம் எப்போதும் எதிரில் வந்து, மெதுவாகப் பேச வேண்டும். நம் முழங்கால் கட்டிலில் இடித்தால்கூட வாந்தி எடுத்துவிடுவார். ஜன்னலோரம் ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர். வேலி வெட்டும்போது குச்சி பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண். மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து. இரண்டு மருந்துகள் என்பதால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும்.

அவருடைய கீழ் இமையை இழுத்துப் பிடித்து மருந்து விட்டு, நேரம் குறித்தேன். என் தங்கை செல்வி இதே நோயோடு மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். இடது கண். அந்தப் புண்ணை ஆழமாக்கிய மருந்தைப் போடச் சொன்னது நான்.

2

செல்விக்கு நாற்பத்து மூன்று வயது; என்னைவிட ஆறு வயது இளையவள். போடியிலிருந்து தினமும் அதிகாலை ஜீப்பில் மலையேறி, போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறாள். அவள் கணவர் முருகேசன் இன்னொரு ஜீப்பின் டிரைவர். எங்கள் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். நாங்கள் இருவரும் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் அடியில், மண்ணோடு கிடக்கும் சரங்களில் பிடிக்கும். எடுப்பவர்கள் குத்துக்காலிட்டு, தண்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய இலைகள் காய்ந்து சருகாக முகத்துக்கு நேரே தொங்கும். எந்நேரமும் ஈரம். பள்ளி விடுமுறைகளில் நானும் எடுத்திருக்கிறேன். ஒரு நாளில் எத்தனை சருகு முகத்தில் அடிக்கும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கண்ணில் பட்டால் சட்டை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவோம்.

நவம்பர் 3, ஞாயிறு. இங்கே காலை 10.30, அங்கே மாலை 4. நான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். செல்வி வீடியோவில் வந்தாள்.

“அண்ணே, கண்ணு செவந்து கெடக்கு. மண்ணள்ளிப் போட்டாப்ல உறுத்துது.”

“எப்ப இருந்து?”

“முந்தாநாள் இருந்து. எங்க ஜீப்புல வர்ற ஒருத்திக்குப் போன வாரம் கண்ணு வலி. அவகிட்ட இருந்து ஒட்டிக்கிருச்சு போல.”

“கண்ணுல ஏதும் குத்துச்சா? அடி கிடி பட்டுச்சா?”

“ஒன்னும் படல.”

“கிட்டக் கொண்டா, பாப்போம்.”

போனைக் கண்ணோடு ஒட்டிவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பாகக் கலங்கியது. அவ்வளவுதான் தெரிந்தது.

“தள்ளிப் பிடி.”

“தள்ளிப் பிடிச்சா கிட்டக் கொண்டாங்குற, கிட்டக் கொண்டாந்தா தள்ளுங்குற. நாளைக்குச் சோலிக்குப் போவணும்ணே. காய் எடுப்பு நேரம், ஒரு நாள் நின்னா கங்காணி வேற ஆள ஏத்திருவாரு. வெரசா கேக்குறாப்ல ஒன்னு சொல்லு. ஆத்தா கண்ணு ஆப்பரேசன் பண்ணப்ப குடுத்த மருந்து ஃப்ரிட்ஜில இருக்கு. அதப் போடவா?”

பாட்டிலைக் காட்டினாள். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் அந்தப் பாட்டில் மிச்சம் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜ் கதவில், ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நின்றது.

“அதையே போடு. ஒரு நாளைக்கு நாலு தடவ. ரெண்டு மூணு நாள்ல கேட்டுரும்.”

அன்றைய டைரியில் இருப்பது: “செல்வி, கண் வலி. சொட்டு சொன்னேன்.” அடுத்த வரி மகளுக்குக் காலணி வாங்கியது.

அந்தப் பாட்டிலில் இரண்டு மருந்து கலந்திருக்கிறது. ஒன்று கிருமியைக் கொல்வது. மற்றது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது வேண்டும். இலை கீறிய காயத்தில் பூஞ்சை இருந்தால் அதே ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கிவிடும். சிவப்பு குறையும், வலி குறையும். நோயாளி நன்றி சொல்வார். பூஞ்சை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். இதை நான் புதிதாக வரும் நர்ஸுகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்லித் தருகிறேன். திறந்து ஒரு மாதமான பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள் என்று நோயாளிகளை அனுப்பும்போதெல்லாம் சொல்கிறேன்.

3

எங்கள் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் எனக்கு ஒரு படம் வரும். சர்க்கரை ரிப்போர்ட், வீங்கிய கால், சீழ் வடியும் குழந்தையின் காது. சிலமலையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், “டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு, நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் முழுங்குவேன்” என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்வார். நான் சொல்வேன். அவர் முழுங்குவார்.

இங்கே ஒரு பாரசிட்டமால் கொடுப்பதற்கும் மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். கொடுத்தவுடன் நேரம் குறிக்க வேண்டும். இங்கே வந்த புதிதில் ஒரு நோயாளியை “அங்கிள்” என்று கூப்பிட்டேன். “நான் உன் மாமா இல்லையே” என்றார், கோபமில்லாமல். பேச்சு போன பக்கவாத நோயாளிகளுக்குத் தலையாட்டல்தான் மொழி. நான் ‘ஆமாம்’ என்று நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினால், அவர்கள் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு கலங்கிப் போனார்கள். கட்டை விரலை உயர்த்திக் காட்டு என்று அப்போதிருந்த மேலாளர் சொல்லித் தந்தார். முப்பது வருடம் ஆடிய தலை சுலபத்தில் நிற்காது. இன்னும் சோர்ந்த நாட்களில் ஆடிவிடுகிறது.

காது கேளாதவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் எனக்கு இங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் எஞ்சினைப் பல வருடம் முதுகில் சுமந்து, அந்தச் சத்தத்தில் காது மந்தமானவர். கடைசிக் காலத்தில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, வெளிச்சம் எங்கள் முகத்தில் விழும்படி, நிதானமாகப் பேச வேண்டும். கத்தினால் எழுந்து போய்விடுவார்.

இங்கே நான் தாளில் எழுதியதைச் செய்கிறவன். அங்கே என் வாய்ச்சொல் மருந்துச் சீட்டு. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இல்லாவிட்டால், “ஆஸ்பத்திரிக்குப் போ” என்ற இரண்டு வார்த்தையை அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பேன்.

4

நவம்பர் 12, செவ்வாய். ஆட்டுப் பண்ணைக்காரர் அன்றுதான் வார்டுக்கு வந்தார். மருத்துவர் அவரிடம் முதலில் கேட்டது, செடி கொடி ஏதாவது பட்டதா என்று. இரண்டாவது, வீட்டில் கிடந்த ஸ்டீராய்டு சொட்டு எதையாவது போட்டீர்களா என்று. இல்லை என்றார். நான் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்தேன். குறித்த பேனாவை மூடும்போது ஃப்ரிட்ஜ் கதவில் நின்ற அந்தப் பாட்டில் நினைவுக்கு வந்தது.

மதிய இடைவேளை 12.40. அங்கே மாலை 6.10. செல்வி எடுத்தாள்.

“கண்ணு எப்படி இருக்கு?”

“செவப்பு போயிருச்சுண்ணே. ரெண்டாம் நாளே வலி கொறஞ்சிருச்சு. உன் கைராசி.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சோலிக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். வெளிச்சத்தப் பாத்தா மட்டும் கூசுது. கறுப்பு முழியில அரிசி மொன கணக்கா ஒரு வெள்ளப் புள்ளி.”

“காட்டுல கண்ணுல சருகு பட்டுச்சா?”

“அது தெனமும் படுறதுதானண்ணே. சருகு படாம எவ காய் எடுக்குறா?”

“கண்ணு வலிக்கிறதுக்கு முன்னாடி இடது கண்ணுல பட்டுச்சா?”

“ஆமா, அன்னைக்குக் கொஞ்சம் வேகமா அடிச்சிருச்சு. ஒத்திக்கிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது ஆங்கிலேய நோயாளியிடம் கேட்கும் கேள்வி. ஏலக்காட்டில் சருகு படுவதை அடியாக யாரும் நினைப்பதில்லை. மழையில் நனைவதைப் போல அது வேலையோடு சேர்ந்தது. படிவத்தில் கேட்பதுபோல் கேட்டேன். படிவத்துக்குச் சொல்வதுபோல் பதில் வந்தது. அந்தச் செடிகளுக்குள் நானே உட்கார்ந்து எழுந்தவன். இந்த ஒரு கேள்வியை எனக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

மருந்தை உடனே நிறுத்து, நாளை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போ என்றேன். என் குரலிலிருந்து அவளுக்குப் புரிந்துவிட்டது. “அந்த மருந்துனாலயாண்ணே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “சரி, நீ சாப்புட்டியா?” என்றாள்.

அவளிடம் கேட்டு டைரியில் கணக்குப் பார்த்தேன். 3-ஆம் தேதி இரண்டு சொட்டு. 4 முதல் 11 வரை எட்டு நாள், தினம் நான்கு. 12-ஆம் தேதி மூன்று. மருந்தைச் சோற்றுப் பைக்குள் வைத்து மலைக்கும் கொண்டு போயிருக்கிறாள். மதியம் போட மறந்தது இரண்டு நாள். மொத்தம் முப்பத்தைந்து.

5

13-ஆம் தேதி புதன்கிழமை வேலை முடிந்ததும் விடுப்புக்கு விண்ணப்பித்தேன். கணினியில் ஒரு பட்டியல் விரியும்: வாழ்க்கைத் துணை, குழந்தை, பெற்றோர், சார்ந்து வாழ்பவர். சகோதரி இல்லை. வார்டு மேலாளர் நல்ல பெண்மணி. என்னைவிடப் பத்து வயது சிறியவர்.

“அவர் உங்களைச் சார்ந்து வாழ்பவரா?” என்று கேட்டார்.

“இல்லை. அவருக்குக் கணவர் இருக்கிறார். வேலை இருக்கிறது.”

“உயிருக்கு ஆபத்தா?”

“இல்லை. கண்.”

அவருக்கு உண்மையிலேயே வருத்தம். அவசர விடுப்பில் சேராது, ஆண்டு விடுப்பில்தான் முடியும், அதில் அடுத்த காலி வாரம் ஜனவரி இரண்டாவது வாரம் என்று காட்டினார். அதற்குள் அந்தக் கண்ணுக்கு என்ன நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். ஜனவரியைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் காரணம் கேட்டபோது ‘கருவிழிப் புண்’ என்று மட்டும்தான் சொன்னேன்.

6

மீண்டும் 14-ஆம் தேதி, வியாழன் மதியம் 12.40. பின்பக்கப் படிக்கட்டில் நின்று போன் செய்தேன். முருகேசன் எடுத்தார்.

“மச்சான், கண்ணுல இருந்து சொரண்டி எடுத்துப் பாத்தாங்க. பூசணம்னுட்டாங்க. மணிக்கு ஒருக்கா மருந்து விடுறாங்க.”

“ஆழம் எவ்வளவுன்னு சொன்னாங்களா மாப்ளே?”

“பாதிக்கு மேல எறங்கிருச்சாம். மருந்துக்குக் கேக்கலைன்னா செத்தவங்க கண்ணுல இருந்து எடுத்த தோல வச்சுத் தைக்கணும்ங்குறாங்க. அதுவும் ஒட்டுனாத்தான் உண்டாம்.” மூச்சு வாங்கினார். “டாக்டரம்மாவுக்கு ஒன்னும் பிடிபடல. சருகு பட்டு இந்தக் கொஞ்ச நாள்ல இவ்வளவு ஆழம் போகாதே, என்ன மருந்து போட்டீங்கன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. இவ ஒன்னுமே போடலைன்னு சாதிக்கிறா.”

“நீங்க சொல்ல வேண்டியதுதான?”

“எனக்கே நேத்து இங்க வந்த பெறகுதான் தெரியும். டாக்டர்ட்டச் சொல்லப் போனா, ஆத்தாவ மாட்டி விடாதீங்கன்னு இவ கையப் பிடிச்சுக்கிறா. அன்னைக்கு நான் மூணாறு லோடுல இருந்தேன். உங்க ஆத்தாதான் ஃப்ரிட்ஜில இருந்தத எடுத்துக் குடுத்துருக்கு. போனப் போட்டுக் கேட்டா, ஆமா நான்தான் குடுத்தேன், இப்ப என்னங்குது. நல்லா வஞ்சு விட்டேன் மச்சான், தப்பா நெனைக்காதீங்க. வெளிநாட்டுல ஒரு நர்ஸு மகன வச்சுக்கிட்டு, ஒரு போனு போட்டுக் கேட்டுருக்கக் கூடாதா, அவரு வேணாம்னு சொல்லிருப்பாருல்லன்னு கேட்டேன். அதுக்குப் போன வச்சிருச்சு.”

படிக்கட்டில் இறங்கி வந்த ஒரு நர்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

“என்ன மச்சான், சத்தத்தக் காணோம்?”

“கேக்குது மாப்ளே.”

பின்னால் செல்வியின் குரல் கேட்டது. “இங்க குடுங்க. நீங்க போயி சுடுதண்ணி புடிச்சுட்டு வாங்க, கேன்டீன்ல கூட்டம் ஏறிரும்.” கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ந்த குரலில்:

“அண்ணே, நீ வாயத் தொறக்காத.”

“டாக்டர்ட்டச் சொல்லாம எப்படிம்மா? தெரிஞ்சாத்தான அவங்க—”

“மருந்து விட்டுக்கிட்டுத்தான இருக்காங்க. உன் பேர எதுக்கு இதுல இழுக்கணும்? நாளப் பின்ன தெருவுல ஒருத்தன் உனக்குப் போன் போடுவானா? இவரு வேற, இப்பவே கோவத்துல இருக்காரு. உன்னயும் ரெண்டு கேட்டாருன்னா எனக்குத் தாங்காது.”

“ஆத்தாவ வையுறாரே.”

“அத இவரு வையுறது புதுசா? ரெண்டு நாள்ல ரெண்டு பேரும் சேந்து டிவி பாப்பாங்க.”

“வலிக்குதா?”

“கெடக்கு. இன்னொரு கண்ணு நல்லாத்தான தெரியுது. ஒத்தக் கண்ண வச்சும் காய் எடுக்கலாம்ணே. இவரு ஜீப்பு ஒத்த லைட்டுலதான் மல ஏறுது, நின்னா போச்சு?”

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் எனக்குள் வந்தது நிம்மதி. யாருக்கும் தெரியாது, இரண்டு பெண்கள் சேர்ந்து மூடிவிட்டார்கள், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அரை நிமிடம் இருந்திருக்கும். இதை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதுகிறேன், ஏனென்றால் அந்த அரை நிமிடத்தில் அவள் கண்ணை நான் மறந்திருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மணிக்கும் பண்ணைக்காரருக்குச் சொட்டு விட்டேன். காரணம் தெரியாத மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார். பூஞ்சை மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அதை மாற்றிவிடலாம். செல்விக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

7

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 8.40. மனைவி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. மகள் கயல் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள். பதில் ஆங்கிலத்தில் வரும். ஆத்தாவோடு போனில் அவளுக்கு நான்கு வாக்கியம் உண்டு: நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, பள்ளிக்கூடம் போறேன், அப்பாகிட்டக் குடுக்கவா. ஐந்தாவது வாக்கியத்தை வரவைக்க நானும் பல வருடம் முயன்றேன். இப்போது முயல்வதில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

நான் டைரியைத் திறந்து எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

“அப்பா, போடி அத்தைக்கு என்ன?”

சொல்ல நினைக்கவில்லை. ஆனால் முழுவதையும் சொன்னேன். அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

“உங்கள் வார்டில் ஒரு நர்ஸ் தவறான மருந்து கொடுத்துவிட்டால் என்ன செய்வார்கள்?”

“அறிக்கை எழுத வேண்டும். நோயாளியிடம் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.”

“நீங்கள் எழுதியிருக்கிறீர்களா?”

“இரண்டு முறை. ஒரு முறை வலது கண்ணுக்கு விட வேண்டியதை இடது கண்ணுக்கு விட்டுவிட்டேன்.”

“வேலை போயிற்றா?”

“இல்லை. எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.”

“அப்படியானால் இதில் என்ன கஷ்டம்?”

தெருவைப் பற்றிச் சொன்னேன். மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் நடுவில் இருக்கும் மரியாதையைப் பற்றிச் சொன்னேன். அண்ணனுக்காகத் தங்கை பொய் சொல்வதைப் பற்றிச் சொன்னேன். அவளுக்காக ஆங்கிலத்துக்கு மாறிச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் இளைத்துக்கொண்டே போனது. அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். கடைசியில் அவளுக்குப் புரியாமல் நின்றது ஒன்றே ஒன்று.

“அப்பத்தாவை எதற்குத் திட்டுகிறார்கள்?”

‘அப்பத்தா’ என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டியபடி மாடிக்குப் போய்விட்டாள்.

முருகேசனுக்குச் செய்தி அனுப்பி, மருத்துவர் வார்டுக்கு வரும் நேரத்தைக் கேட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது; மணிக்கொரு சொட்டுக்காக விழித்திருந்தார் போல, காலை பத்தரை மணி என்று பதில் வந்தது. இங்கே காலை ஐந்து. டைரியில் அன்றைய பக்கத்தில் மருந்தின் பெயர், தொடங்கிய நாள், நிறுத்திய நாள், சொட்டுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதினேன். பிறகு படுத்துவிட்டேன்.

8

நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. 4.45-க்கு எழுந்தேன். டீ போடவில்லை. சமையலறையில் நின்றபடி 4.58-க்குப் போன் செய்தேன்.

“மாப்ளே, டாக்டர் வந்துட்டாங்களா?”

“பக்கத்துக் கட்டில்ல பாத்துக்கிட்டிருக்காங்க மச்சான். என்ன, அங்க இன்னும் விடிஞ்சிருக்காதே?”

“ஆத்தாவ வையாதீங்க. மருந்து போடச் சொன்னது நான். மூணாந்தேதி ஞாயித்துக்கெழம செல்வி எனக்கு வீடியோ போட்டுக் கேட்டுச்சு. நான்தான் அதையே போடுன்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏதாச்சும் பேசுங்க மாப்ளே.”

“என்னத்தப் பேசச் சொல்றீங்க. நேத்து நான் ஆத்தாவ வஞ்சதச் சொன்னப்ப எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க.”

“ஆமா.”

“இருங்க. டாக்டரம்மா வர்றாங்க.”

“போன்ல யாரு, அண்ணனா? ஏங்க, குடுக்காதீங்க, சொன்னாக் கேளுங்க—” செல்வியின் குரல் தள்ளிப் போனது. பிறகு இளம் பெண் ஒருவரின் நிதானமான குரல்.

“சொல்லுங்க சார்.”

நான் செல்வியின் அண்ணன், இங்கிலாந்தில் நர்ஸ் என்று சொன்னேன். டைரியைப் பார்த்துப் படித்தேன். மருந்தின் பெயர். 3-ஆம் தேதி மாலை தொடக்கம், 12-ஆம் தேதி மாலை நிறுத்தம். முப்பத்தைந்து சொட்டு. பழைய பாட்டில், திறந்து மாதக்கணக்கு.

“இதத்தான் மூணு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“தெரியும் டாக்டர்.”

“பூஞ்சை மருந்துக்குக் கேக்கலையோன்னு இன்னைக்கு மாத்துறதா இருந்தேன். இப்ப மாத்தல. இதையே தொடர்ந்து போட்டு இன்னும் நாலு நாள் பாக்குறேன். கண்ணு நிக்கும்னு என்னால சொல்ல முடியாது சார். உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

தாள் புரளும் சத்தம். “யார் சொல்லி மருந்து போட்டாங்கன்னு எழுதணும். வீட்டுல இருந்தது, தானாப் போட்டதுன்னு எழுதிக்கவா? பேஷன்டும் அப்படித்தான் எழுதச் சொல்லி ஜாடை காட்டுறாங்க.”

“அண்ணன்னு எழுதுங்க டாக்டர். பக்கத்துல நர்ஸுன்னும் எழுதுங்க.”

அவர் எழுதி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.